எதையும் செரிக்கும் வயிறு ஈயத்திடம் தோற்ற கதை

கலிபோர்னியா காண்டோருக்கு அழுகல் ஒரு பொருட்டே இல்லை. சிறகை விரித்தால் ஒன்பதரை அடி வரும் இந்த அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகு, செத்த மான், மாடு, கரை ஒதுங்கிய கடல்சிங்கம் என எது கிடைத்தாலும் தின்னும். வேறு பிராணிகளைச் சாய்த்துவிடும் கிருமிகள்கூட அதன் இரைப்பை அமிலத்தில் செத்துப்போகும். ஆனால் இதே அமிலம்தான் அதன் உயிருக்கும் உலை வைக்கிறது.

மான் வேட்டைக்குப் பயன்படும் ஈயத் தோட்டா மென்மையானது. வேகமாகப் பாய்ந்து எலும்பிலோ தசையிலோ மோதியதும் சிதறிவிடும். சுடப்பட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்தபோது, சிலவற்றில் நூற்றுக்கணக்கான துணுக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. குண்டு பாய்ந்த இடத்துக்குத் தள்ளியும் கிடந்தன. வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலை அங்கேயே போட்டுவிட்டுப் போவார். காண்டோர்கள் கூட்டமாக வந்து இறங்கும்.

விழுங்கிய துணுக்கை இரைப்பை அமிலம் மெல்லக் கரைக்கிறது. கரைந்த ஈய அயனி கால்சியம் மாதிரியே இரண்டு நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். குடலும் ஏமாந்து உள்ளே விட்டுவிடும். ரத்தத்தில் ஏறியதும் சேட்டை ஆரம்பம். சிவப்பணுவுக்கு வேண்டிய ஹீமைத் தயாரிக்கும் ஒரு நொதியில் துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் ஈயம் போய் உட்கார்ந்துகொள்ள, நொதி முடங்கி ரத்தசோகை வருகிறது. நரம்புகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பக் கால்சியம் வேண்டும். அங்கேயும் ஈயம் புகுந்து குழப்புகிறது. இதில் கொடுமை, விழுங்கிய இரை முதலில் தங்கும் தொண்டையடிப் பையான தீனிப்பைக்கு நேர்வதுதான். அதன் தசைகள் செயலிழந்து, தின்ற இரை கீழே இறங்காமல் அப்படியே நிற்கும். தொண்டை வரை தீனி இருக்க, பறவை பட்டினியால் சாகும்.

சரி, இந்த ஈயம் தோட்டாவில் இருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஈயத்துக்குப் பல ஐசோடோப்புகள், அதாவது அணு எடையில் மட்டும் வேறுபடும் வகைகள், உண்டு. அவை கலந்திருக்கும் விகிதம், தாது எந்தச் சுரங்கத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்து மாறும். கூண்டில் வளர்ந்த, இன்னும் வெளியே விடாத காண்டோர்களின் ரத்தத்தில் இருந்தது கொஞ்சம் ஈயம்தான். அதன் விகிதம் சுற்றுப்புற ஈயத்தோடு ஒத்துப்போனது. காட்டில் திரிந்த பறவைகளின் ரத்தத்திலோ ஈயமும் அதிகம், விகிதமும் தோட்டாவின் பக்கம் நகர்ந்திருந்தது. இறகு இன்னும் நல்ல சாட்சி. ரத்தம் சில வாரக் கதையைத்தான் சொல்லும். மாதக்கணக்கில் வளரும் இறகை வரிசையாக வெட்டிச் சோதித்தால், எப்போதெல்லாம் ஈயம் ஏறியது என்று நாட்குறிப்பு மாதிரி படித்துவிடலாம்.

1987-ல் கடைசிக் காட்டுக் காண்டோரையும் பிடித்துவிட்டார்கள். அப்போது உலகத்திலேயே மிஞ்சியிருந்தவை 27. கூண்டில் இனப்பெருக்கம் செய்து 1992 முதல் திரும்பக் காட்டில் விட்டார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன. ஆனால் ஆறேழு வயதுக்கு மேல்தான் இவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். அப்புறமும் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான். இப்படிப்பட்ட இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால், அந்த இடம் நிரம்ப வருடங்கள் ஆகும்.

அதனால் காண்டோர்களை அவ்வப்போது பிடித்து ரத்தம் சோதிக்கிறார்கள். ஈயம் ஏறியிருந்தால் கால்சியம் ஈடிடிஏ ஊசி போடுவார்கள். அது ஈயத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீரக வழியே வெளியேற்றும். குணமானதும் பறவையைத் திரும்பவும் அதே காட்டில்தான் விட வேண்டும்.

கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடை செய்தது. அரிசோனா வேறு வழியில் போனது: தடை இல்லை, காண்டோர் திரியும் பகுதியில் வேட்டைக்கு வருபவர்களுக்குச் செப்புத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் வாங்கிப் பயன்படுத்தினார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஈயத்தைக் குடலோடு விட்டுப்போகிறோம் என்பதே பல வேட்டைக்காரர்களுக்குத் தெரியாது. செப்பு மோதினால் காளான் மாதிரி விரியும், அவ்வளவாகச் சிதறாது. ஆனாலும் காட்டுக் காண்டோர்களின் சாவுக்கு இன்றும் முதல் காரணம் ஈயம்தான். தூரம் தூரமாகப் பறந்து இரை தேடும் பறவைக்கு மாநில எல்லையும் சட்டமும் தெரியாதே.