ஒரு பிபிஎம்மா, அரை பிபிஎம்மா? பென்சீனுக்கு வரம்பு வகுக்கப்படும் விதம்

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற மலையக நகரங்களின் வீதியோரக் கராஜ்களில், கழற்றிய உதிரிப்பாகங்களைப் பெற்றோலில் கழுவுவது அன்றாட வேலை. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனில் பெற்றோலை ஊற்றி, கார்புரேட்டரை அதில் ஊறப்போட்டு, பழைய பல்தூரிகையால் வெறுங்கையோடு தேய்த்து, துளைகளில் அடைத்திருக்கும் அழுக்கை வாயால் ஊதி எடுப்பார்கள். பெற்றோல் செட்டில் பம்புக்கு அருகே நாள் முழுவதும் நிற்பவரும், தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்றுபவரும் சுவாசிப்பது அதே ஆவியைத்தான். அந்த ஆவியில் பென்சீன் கலந்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று ஐயமற நிறுவப்பட்ட பொருட்களை உள்ளடக்கிய முதலாம் பிரிவில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் அதைச் சேர்த்திருக்கிறது.

வேலைத்தலத்துக் காற்றில் இந்தப் பென்சீன் எவ்வளவு இருக்கலாம்? பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கும் பிபிஎம் என்ற அலகில், அமெரிக்கச் சட்டம் 1987 முதல் 1 என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் அதை 0.5 ஆக்கி, 2026 ஏப்ரல் முதல் 0.2 என்று விதித்தது. பல நாடுகள் முன்மாதிரியாகக் கொள்ளும் பரிந்துரைகளை வெளியிடும் அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பொன்று 2024இல் 0.02 என்று அறிவித்தது. பொருளும் ஒன்று, மனித உடலும் ஒன்று. எண்களுக்கிடையிலோ ஐம்பது மடங்கு வேறுபாடு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், வரம்பு என்பது எப்படிப் பிறக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். நுரையீரல் வழியாகக் குருதியில் சேரும் பென்சீனை, உடலிலிருந்து எளிதில் வெளியேற்றுவதற்காக ஈரல் வேறு பொருட்களாக மாற்றுகிறது. அவற்றுள் பீனோல், ஐதரோகுயினோன் போன்றவை குருதியோடு என்பு மச்சையைச் சென்றடைகின்றன. அங்குள்ள நொதியங்கள் அவற்றைப் பென்சோகுயினோன் என்ற, எதனோடும் சட்டென ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாற்றிவிடுகின்றன. குருதிக் கலங்கள் பிறக்கும் இடமே அந்த மச்சை என்பதால், அங்கே கலங்களின் மரபுத் தகவலைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் உடைந்தோ எண்ணிக்கை பிசகியோ போகும்போது குருதிப் புற்றுநோய்க்கு, குறிப்பாகத் தீவிர மைலோயிட் வகைக்கு, வழி திறக்கிறது. கழிவை அகற்ற உடல் செய்யும் முயற்சியே நஞ்சை உருவாக்குவதால்தான் பென்சீன் இத்தனை கொடியதாகிறது.

ஆனால் இந்த விளக்கம் எண் எதையும் தருவதில்லை. எண்ணுக்கான அடிப்படை, ஏற்கெனவே நோயுற்று இறந்த தொழிலாளர்களின் பதிவேடுகளிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பிளியோபிலிம் என்ற மெல்லிய இறப்பர்த் தாள் செய்த தொழிற்சாலைகளில் பென்சீனே கரைப்பானாகப் பயன்பட்டது. 1987இல் வெளியான ஆய்வில், அங்கு வேலை செய்த 1,165 ஆண்களில் 9 பேர் குருதிப் புற்றுநோயால் இறந்திருந்தமை காட்டப்பட்டது. அதே வயதுக்குரிய பொது மக்களிடையே எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கை 2.7 மட்டுமே. உலகெங்கும் பேசப்பட்ட வரம்புகளின் அடியில், பெரும்பாலும் இந்த ஒன்பது மரணங்கள் இருந்தன.

மரணங்களை எண்ணுவது எளிது. அந்த மனிதர்கள் எவ்வளவு பென்சீனைச் சுவாசித்தார்கள் என்று சொல்வதுதான் கடினம். 1940களில் எடுக்கப்பட்ட காற்று அளவீடுகள் சொற்பம். அக்காலக் கருவிகளோ துல்லியம் குறைந்தவை. ஆகவே எந்தப் பகுதியில், எந்த ஆண்டில், எத்தனை பிபிஎம் இருந்திருக்கும் என்பதை ஆய்வாளர்கள் பின்னோக்கி மதிப்பிட வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் வேலை நேரம் நீண்டிருந்தது, தோல் வழியாகவும் பென்சீன் உட்சென்றது, பழைய கருவிகள் குறைவாகவே காட்டின என்று வாதிட்ட வேறொரு குழு, 1992இல் இன்னும் உயர்ந்த மதிப்பீடுகளை முன்வைத்தது. இதை வெறும் கணக்குச் சச்சரவாக ஒதுக்கிவிட முடியாது. அதே ஒன்பது மரணங்களுக்கு அதிகப் பென்சீன் தேவைப்பட்டது என்றால், ஒரு பிபிஎம்மின் ஆபத்து குறைந்து தெரியும். குறைந்த பென்சீனே போதுமானதாயிற்று என்றால் அது கூடித் தெரியும். எவரும் எழுதி வைக்காத அளவுகள், நாற்பது ஆண்டுகள் கழித்து, உயிருடன் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் வரம்பைத் தீர்மானித்தன.

அடுத்த சிக்கல், அந்தத் தொழிலாளர்கள் சுவாசித்தவை பத்துக்கணக்கான பிபிஎம் என்பது. அங்கே கண்ட ஆபத்திலிருந்து அரை பிபிஎம்மில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டுமானால், அளவுக்கும் நோய்க்கும் இடையிலான கோட்டைக் கீழ்நோக்கி நீட்ட வேண்டும். கோடு நேராகப் பூச்சியம் வரை இறங்குகிறது என்று கொண்டால், எவ்வளவு சிறிய அளவுக்கும் ஒரு சிறிய ஆபத்து எஞ்சி நிற்கும். ஏதோ ஓர் அளவுக்குக் கீழே உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று கொண்டால், பாதுகாப்பான அளவு ஒன்று உண்டு என்றாகும். ஐரோப்பிய இரசாயன முகவரகத்தின் இடர் மதிப்பீட்டுக் குழு 2018இல் இரண்டாவது வழியை எடுத்து, நிறமூர்த்தச் சேதத்தை அடிப்படையாகக் கொண்டு 0.05 பிபிஎம் என்ற எண்ணை அடைந்தது. மறுபுறம், சீனாவின் தியன்ஜின் நகரில் சப்பாத்துத் தொழிலாளர்கள் 250 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, 1 பிபிஎம்முக்குக் குறைவாகச் சுவாசித்தவர்களிடமும் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்ததைக் காட்டியது. சட்டம் அனுமதித்த அளவுக்குள் இருந்தவர்களின் குருதியிலேயே மாற்றம் தென்பட்டது என்பதுதான், என் பார்வையில், இந்த வரலாற்றின் மிக முக்கியமான செய்தி.

விஞ்ஞானம் இங்கே கையை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். 10 பிபிஎம்மாக இருந்த அமெரிக்க வரம்பை 1 ஆகக் குறைக்க 1978இல் எடுத்த முயற்சியை, எண்ணெய்த் தொழில்துறை தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980இல் தள்ளுபடி செய்தது. ஆபத்து குறிப்பிடத்தக்கது என்பதை அரசு முதலில் காட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பு, ஓர் உதாரணத்தையும் தந்தது. குளோரின் கலந்த நீரைக் குடிப்பதால் நூறு கோடியில் ஒருவர் இறப்பார் என்றால் அது குறிப்பிடத்தக்கதல்ல. 2 சதவீதம் பென்சீன் கொண்ட பெற்றோல் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பதால் ஆயிரத்தில் ஒருவர் இறப்பார் என்றால், நியாயமாகச் சிந்திப்பவர் அதைக் குறிப்பிடத்தக்கதெனக் கருதக்கூடும். ஏழு ஆண்டுகள் கழித்து 1 பிபிஎம் சட்டமானபோது, அந்த அளவில் 45 ஆண்டுகள் வேலை செய்யும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேர் குருதிப் புற்றுநோயால் மேலதிகமாக இறப்பார்கள் என்று அரசே மதிப்பிட்டிருந்தது. அப்படியிருந்தும் எண் 1இல் நின்றதற்குக் காரணம், அதற்குக் கீழே இறங்குவது அன்றைய தொழிற்சாலைகளுக்குச் சாத்தியமில்லை என்ற முடிவு. வரம்புக்குள் இருப்பதால் ஆபத்தில்லை என்று ஒரு தொழிலாளியிடம் யாராவது சொன்னால், அது அந்த வரம்பை எழுதியவர்களே சொல்லாத ஒன்று. ஜெர்மனி இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. வேலை வாழ்நாள் முழுவதும் சுவாசிப்போரில் ஆயிரத்துக்கு 4 பேர் மேலதிகமாகப் புற்றுநோயடையக்கூடிய அளவே அங்கு பொறுக்கத்தக்க உச்சம். அந்த நேர்மை மற்ற நாடுகளுக்கும் வேண்டும்.

வரம்பு எண்ணின் பின்னால் ஒரு நேரக் கணக்கும் இருக்கிறது. அது ஒரு நாளின் எட்டு மணி நேரத்துக்கான சராசரி. பாகங்களைப் பெற்றோலில் கழுவும் ஒரு மணி நேரம் 4 பிபிஎம், மற்ற ஏழு மணி நேரம் 0.2 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தை எட்டால் வகுத்தால் 0.68 கிடைக்கிறது: அமெரிக்க வரம்புக்குள், ஐரோப்பிய வரம்புக்கு மேலே. கராஜில் தொழில் பழகும் பையன் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்தால் கணக்கு இன்னும் மாறும். வரம்புகள் 40 மணி நேர வாரத்துக்கு எழுதப்பட்டவை. 60 மணி நேரம் என்றால் சுவாசிக்கும் நேரம் கூடுவதோடு, உடல் தேறுவதற்கான ஓய்வு நேரமும் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பிரீஃப், ஸ்காலா ஆகியோரின் 1975ஆம் ஆண்டு முறைப்படி, 1 பிபிஎம் வரம்பு அவனுக்கு 0.56 ஆகச் சுருங்குகிறது.

மலையகத்துக்கே உரிய ஒரு திருத்தமும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1 பிபிஎம் பென்சீன் என்பது கடல்மட்டத்தில் ஒரு கன மீற்றருக்குச் சுமார் 3.2 மில்லிகிராம், நுவரெலியாவின் அழுத்தத்திலும் குளிரிலும் அது சுமார் 2.6 மட்டுமே. தொழிலாளியின் சட்டைக் கழுத்தில் பொருத்தும் கரிக்குழாய், காற்றிலுள்ள பென்சீனை எடையாகவே பிடித்துத் தருகிறது. அதைக் கடல்மட்டச் சூத்திரத்தால் பிபிஎம்மாக மாற்றினால், உண்மையில் 1 ஆக இருப்பது 0.8 என்று பதிவாகும். குளிரில் பெற்றோல் மெதுவாக ஆவியாகும் என்பது உண்மையே. ஆனால் மழைக்கும் பனிக்கும் கதவை இழுத்து மூடிய கராஜில், ஆவியானது வெளியேற வழியில்லை. மூக்கையும் நம்ப முடியாது. பென்சீனின் வாசனை தெரியும்போது, அது இந்த வரம்புகளையெல்லாம் தாண்டியிருக்கும்.

காற்றுக்கான வரம்பு, கை வழியாகப் போவதைக் கணக்கில் எடுப்பதில்லை. பெற்றோலில் ஊறும் வெறுங்கை, காற்றை அளக்கும் எந்தக் கருவியிலும் பதிவாகாது. ஆகவே கராஜில் முதலில் மாற வேண்டியது கழுவும் திரவம். மண்ணெண்ணெயில் பென்சீன் மிகச் சொற்பம்; கையுறை அணிந்து, கதவைத் திறந்து வைத்து அதில் கழுவினால், பெரும்பங்கு பென்சீன் தொடக்கத்திலேயே விலகிவிடும். ஆனால் 2022 ஆகஸ்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. சாத்தியமா என்ற கேள்வியை அமெரிக்க வரம்பை எழுதியவர்கள் கேட்டது போலவே, அட்டனில் சிறிய கராஜை நடத்துபவரும் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஒகாயோத் தொழிற்சாலைகளில் இல்லாமற்போன பதிவை இங்கே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தொடங்கிவிடலாம்: யார், எந்தத் திரவத்தில், எத்தனை மணி நேரம் கழுவினார் என்று நாளுக்கு ஒரு வரி. குருதிப் பரிசோதனைக்குப் போகும் நாளில் வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அந்த வரிகளே பதில்.