என்.எஸ்.எஸ். பிள்ளைகளை மனு எழுத விடுங்கள்

"படிக்கத்தான் அனுப்பினேன், தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதற்கு இல்லை" என்று இன்னொரு அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பழங்குடிக் குடும்பங்களின் சான்றிதழுக்காக எங்கள் மாணவர்கள் மனு எழுதி அலைவதைத்தான் சொல்கிறார். கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அலுவலராக இருக்கிற எவருக்கும் பழகிய பேச்சுதான். ஆனால் தன் பையன் முகாமில் நோட்டுப் புத்தகம் கொடுக்கிற படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டவரும் இவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். நம் கையில் இருப்பதைக் கொடுப்பது ஒன்று, அவர்களுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது வேறு. இருளர் குடியிருப்பில் பத்தாவது முடித்த ஒரு பெண் பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் நிற்கிறாள் என்று வையுங்கள். அது இல்லாவிட்டால் உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. மற்ற சாதிச் சான்றிதழ் மாதிரி தாசில்தாரோடு முடிகிற காரியமில்லை இது, கோட்டாட்சியர் வரை போகவேண்டும், விசாரணை நடக்கவேண்டும், உறவுக்காரர் யாரிடமாவது ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் ஊர் ஊராகப் போகிற குடும்பத்தில் அந்தத் தாளை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? நீங்கள் எத்தனை நோட்டு கொடுத்தாலும் கோட்டாட்சியர் கையெழுத்து வந்துவிடாது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் மாறுகிறார்கள். தாத்தா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று ரசீது வாங்குகிறார்கள். "இவங்களுக்குப் படிப்புல அக்கறையே இல்ல சார்" என்று முதல் நாள் சொன்னவன், சில தடவை அலைந்த பிறகு, "ஃபைல் இப்ப யார் டேபிள்ல இருக்கு?" என்று கேட்கிறான். இந்தக் கேள்வியை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் நடத்தியதில்லை.

என்.எஸ்.எஸ். 1969இல் வந்தது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். மரக்கன்று நட்டே மணிக்கணக்கை நிரப்பிவிடலாம், நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த கோடையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. குழந்தைகளின் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். அசல் ஆவணத்தைக் கையில் வாங்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். தனியாகப் போகாதீர்கள். "நான் வாங்கித் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு செமஸ்டர் வந்ததும் காணாமல் போகாதீர்கள், உங்களுக்கு அடுத்து வருகிறவனையும் அந்த வீட்டில் நம்பமாட்டார்கள். தேர்வு என்றால் முன்கூட்டியே சொல்லி வேலையை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள்.

மனு திரும்பி வந்தால் சில பிள்ளைகள் இரண்டு நாள் யாரிடமும் பேசமாட்டார்கள். எல்லாமே வீண் என்று ஒதுங்கிவிடுவதும் அப்போதுதான். சக அலுவலர்களே, அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டை நீட்டாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மேல்முறையீடு எப்படிச் செய்வது என்று கூட உட்கார்ந்து காட்டுங்கள்.

பெற்றோருக்கு: குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிறவன் படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. திங்கட்கிழமைக்கு இரண்டிரண்டு பேராக முறைவைத்துத்தான் அனுப்புகிறோம், கல்லூரிக்கு வந்ததாகவே கணக்கிடுகிற ஓ.டி.யும் உண்டு. தயவுசெய்து, திட்டுவதற்கு முன்னால் அந்த மனுவின் நகலை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள், உங்கள் பிள்ளை எழுதியதுதான்.