சுண்ணாம்பில் கழன்று போகிற தோல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தோல் பதனிடுவது ஒன்றும் புதிதில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்குவதையும் காற்று திரும்பினால் ஊருக்குள் வருகிற வாடையையும் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் ஷூவாகவும் பெல்ட்டாகவும் ஆகிற அந்தத் தோலில், மாடு உயிரோடு இருந்தபோது நாம் தொட்டுப் பார்த்த மேல்தோல் துளிகூட இருக்காது என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

ஊறவைத்த தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போடுகிறார்கள் இல்லையா, அங்கேதான் அது போகிறது. மயிரிலும் மேல்தோலிலும் நிறைந்திருப்பது கெரட்டின் என்ற புரதம், அதன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை சல்ஃபைடு அறுத்துவிடும், மயிர் கூழாகும், மேல்தோலும் கூடவே கழன்றுவிடும். மிஞ்சுவது அடியில் இருக்கிற டெர்மிஸ், அதாவது கொலாஜன் நார்கள் பின்னிக் கிடக்கிற இணைப்புத் திசு. குரோமியம் உப்போ, பழைய முறையில் ஆவாரம்பட்டையோ, எதைப் போட்டாலும் பதப்படுவது இந்தக் கொலாஜன்தான். கழிவுநீரோடு போய்விட்டதே அந்த மேலடுக்கு, அதற்குப் பெயர் எபிதீலியம்.

நம் உடம்பிலும் இதே அமைப்புதான். தோலில் மட்டுமில்லை, வாய், குடல், நுரையீரல், சிறுநீர்ப்பை, ரத்தக் குழாயின் உட்புறம் என்று எங்கெல்லாம் ஒரு பரப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் எபிதீலியம் விரித்திருக்கும். செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி உட்கார்ந்திருக்கும், கீழே அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய விரிப்பு. உள்ளே ரத்தக் குழாய் கிடையாது, சாப்பாடும் ஆக்சிஜனும் அடியிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். முழங்கை சுவரில் லேசாக உராய்ந்தால் தோல் வெள்ளையாகப் பெயர்ந்து வருமே தவிர ரத்தம் வராது, காரணம் இதுதான். ரத்தம் வந்தால் காயம் டெர்மிஸ் வரை போய்விட்டது என்று அர்த்தம்.

பள்ளிப் புத்தகத்தில் தட்டை, கனசதுரம், தூண் என்று வகை வகையாக மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அந்த இடத்துக்கு என்ன வேலை என்று கேட்டாலே போதும், வடிவம் தானாக வந்துவிடும். நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜன் சட்டென்று ரத்தத்துக்குள் போக வேண்டும், அதனால் அங்கே ஒரே அடுக்கு, அதுவும் தட்டைச் செல்கள். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கிற மொத்தத் தடிமனும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளங்காலுக்கு அது ஆகாது. தேய்ந்துகொண்டே இருக்கிற இடத்துக்கு அடுக்கடுக்காகச் செல்கள் வேண்டும், மேலே இருப்பவை செத்து, கெரட்டின் நிரம்பி, உதிர, அடியிலிருந்து புதுசு ஏறி வரும். ஒரு செல் கீழேயிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம். வாயிலும் உணவுக்குழாயிலும் இதே அடுக்குமுறைதான், ஆனால் ஈரமான இடம் என்பதால் அந்தக் கெரட்டின் மேலோடு பெரும்பாலும் இருக்காது. சிறுநீரகத்தின் நுண்குழல்களில் கனசதுரச் செல்கள். ஒரு நாளில் வடிகட்டி வருகிற சுமார் 180 லிட்டரில் ஒன்றிரண்டு லிட்டர் போக மீதியைத் திரும்ப உறிஞ்சுவது அந்தக் குழல்கள்தான்.

குடல் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. அங்கே உயரமான தூண் செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆயிரக்கணக்கான நுண்விரல்கள். மூன்று முதல் ஐந்து நாளில் அந்த விரிப்பே புதிதாகிவிடும். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தருகிற ரோட்டா வைரஸ், குடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிற முதிர்ந்த செல்களைத்தான் தாக்குகிறது, உறிஞ்ச ஆளில்லாமல் தண்ணீர் வெளியே போகிறது. இதற்கு எதிராக நம் நாட்டில் உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. ரோட்டா தடுப்பு மருந்து 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நோய் வந்துவிட்டால்? ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பார்கள். தூண் செல்லில் நுழைவாயில் மாதிரி ஒரு புரதம் இருக்கிறது, சர்க்கரையும் உப்பில் உள்ள சோடியமும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும், அவை போனால் தண்ணீரும் பின்னாடியே போகும். வெறும் தண்ணீருக்கு இந்த வசதி கிடையாது. குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள பள்ளங்களில் இருக்கிற இளம் செல்கள் பெருகி நுனி வரை ஏறும் அந்தச் சில நாளைத் தாண்டிவிட்டால் போதும்.

மூச்சுக்குழாயில் இருப்பது போலி அடுக்கு எபிதீலியம். எல்லாச் செல்லும் அடித்தளச் சவ்வில்தான் நிற்கிறது, ஆனால் உட்கருக்கள் வேறுவேறு உயரத்தில் இருப்பதால் பல அடுக்கு மாதிரி கண்ணை ஏமாற்றும். மேலே குறுஇழைகள், மயிர்போல மெல்லிய நீட்சிகள். நாற்று வயலில் காற்று அடிப்பதுபோல அலை அலையாக ஒரே திசையில் சாய்ந்து, விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்து, தூசு ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளும். குடியாத்தம், வேலூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது, அதனால் அந்தத் தொழிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பீடிப் புகை குறுஇழைகளை முடக்குகிறது என்பதில் சந்தேகமில்லை. வருடக்கணக்கில் புகை பட்டால் குறுஇழை உள்ள அந்தச் செல்கள் இருந்த இடத்தில் அடுக்குத் தட்டைச் செல்கள் வந்துவிடும். உடம்பின் கணக்கில் அது நியாயம்தான், அடி வாங்குகிற இடத்துக்குத் தடித்த விரிப்பு போடுகிறது. என்ன, அதற்குச் சளி தள்ளத் தெரியாது, இருமித்தான் வெளியேற்ற வேண்டும். பெரியவர்களுக்கு வருகிற புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில்தான் தொடங்குகின்றன. அடிக்கடி பெருகுகிற திசு, வெளியிலிருந்து வருகிற நஞ்சு முதலில் படுகிற திசு, வேறென்ன ஆகும்.

அப்புறம் சிறுநீர்ப்பை. ஆம்பூரில் பஸ் ஏறிச் சென்னை வரை அடக்கிக்கொண்டு போகிறவர்களைக் காப்பாற்றுவது மாறுநிலை எபிதீலியம். காலியாக இருக்கும்போது பல அடுக்காக, மேல் செல்கள் குடை மாதிரி உப்பியிருக்கும், நிரம்ப நிரம்ப அவை தட்டையாக விரியும். விரியத் தேவையான சவ்வைச் செல்லுக்குள்ளேயே சிறு பைகளாக மடித்து வைத்திருந்து, இழுவை வந்ததும் மேலே கொண்டுவந்து ஒட்டும். சிறுநீர் ரத்தத்துக்குத் திரும்பிக் கசியவும் விடாது. குடல் செல் மாதிரி நாலு நாளில் உதிர்வதும் இல்லை, இந்தக் குடைச் செல்கள் மாதக்கணக்கில் இருக்கும்.