பிறந்த அன்றே இறக்கைத் தூளை உதறும் பூச்சி

‘எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடிக்கு உச்சி வெயிலில் ஒரு குட்டிப் பறவை வருகிறது. உட்காராமலே தேன் குடிக்கிறது. ஹம்மிங்பேர்டா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களோடு சரி. பச்சை முதுகு, வயிற்றின் குறுக்கே செம்பழுப்புப் பட்டை, பின்நுனியில் கறுப்புக் குஞ்சம், கண்ணாடி இறக்கை என்று அவர் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது செஃபோனோடஸ் ஹைலாஸ் என்ற அந்துப்பூச்சி. ராத்திரியில் விளக்கை மொய்க்கும் கூட்டத்துக்குச் சொந்தம்தான், இது மட்டும் பகலில் வேலைக்குப் போகிறது.

முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் பள்ளியில் படித்தபடியே. புழு காப்பி இலையையும், வெள்ளைப் பூப் பூக்கும் கார்டீனியா செடியின் இலையையும் தின்னும். அதன் பின்புறக் கொம்பைப் பார்த்து ‘கொட்டிவிடும்’ என்று செருப்பால் அடிக்கிறவர்கள் உண்டு. அந்தக் கொம்பு கொட்டாது, விஷமும் கிடையாது.

விஷயம் இறக்கையில் இருக்கிறது. கூட்டை விட்டு வரும்போது அது கண்ணாடி இல்லை. மற்ற அந்துப்பூச்சிகளுக்குப் போலவே சாம்பல் நிறச் செதில்கள் மூடியிருக்கும். ஆனால் அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. முதல் முறை படபடத்ததும் தூளாகக் கொட்டிவிடும். மிஞ்சுவது வெறும் சவ்வு.

சவ்வு என்றால் வெயிலில் பளபளக்க வேண்டுமே? ஜன்னல் கண்ணாடி பளபளக்கிறதே! காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளி திடீரென்று நுழைகிறது. திண்ணையிலிருந்து தெருவில் குதிப்பதுபோல. அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் ஒளி திரும்பிவிடும். இந்தப் பூச்சியின் சவ்விலோ மேல்பரப்பு முழுக்க நுண்ணிய மேடுகள், ஒவ்வொன்றும் சுமார் 250 நானோமீட்டர் உயரம் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. மேடுகள் அதைவிடக் குறைந்த இடைவெளியில் நெருங்கி நிற்பதால் ஒளிக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. உச்சியில் பெரும்பாலும் காற்று, இறங்க இறங்கச் சவ்வு கூடிக்கொண்டே போகும். குதிக்க வேண்டிய இடத்தில் ஒரு சரிவு! ஒளி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. பளபளப்பு இல்லை, பறவையின் கண்ணிலும் எளிதில் படாது.

1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மேடுகளைத் தேய்த்து எடுத்துப் பார்த்தார்கள். இறக்கை கூடுதலாக ஒளியைத் திருப்பியடித்தது. இங்கே இதற்கு நிதி கேட்டுப் போனால், ‘பூச்சி இறக்கையைத் தேய்க்கவா பணம்?’ என்றுதான் கேட்பார்கள் என்பது என் சந்தேகம். கண்கூசாத திரைப் படலங்களிலும் சூரியத் தகடுகளிலும் இதே உத்தியைப் பயன்படுத்துகிறார்கள்.

காப்பிச் செடியில் கொம்புப் புழு கிடைத்தால், அடியில் மண் போட்ட அகலமான ஜாடியில் வளர்த்துப் பாருங்கள். தினமும் புது இலை போதும். பூச்சி வெளிவரும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். அது பறந்த பிறகு ஜாடியின் அடியைத் தொட்டால் விரலில் சாம்பல் தூள் ஒட்டும்.