அலைக்கற்றை: கிடங்கில் வைக்க முடியாத சரக்கு

'கற்றை கற்றையாகப் பணம்' என்று எழுதிப் பழகிய நம் செய்தித்தாள்களுக்கு 2010இல் இன்னொரு கற்றை கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் 2ஜி எனப்படும் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கான உரிமங்கள் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கைப்பேசிச் சேவை போன்றவற்றுக்குப் பயன்படும் வானலைகளைக் குறிக்கப் பொறியாளர்களுக்குள் புழங்கிவந்த 'ஸ்பெக்ட்ரம்' அதன்பின் தேநீர்க்கடைச் சொல்லாகிவிட்டது. அதற்கு ஈடாக நிலைத்த தமிழ்ச் சொல்தான் அலைக்கற்றை.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல். 'பார்' என்று பொருள்படும் வேரில் பிறந்தது. தோற்றம், உருவம், பேயுரு என்பவையெல்லாம் அதன் பழைய பொருள்கள். முப்பட்டகத்தின் வழியே புகுந்த சூரிய ஒளி சுவரில் விரித்த வண்ணப் பட்டைக்கு நியூட்டன் இந்தப் பெயரைச் சூட்டினார். அவருடைய கட்டுரை 1672இல் வெளிவந்தது. ஒளியும் மின்காந்த அலைதான் என்று பின்னாளில் தெரிந்தபோது, வானொலி அலைகள் உள்பட எல்லாமே அந்தப் பட்டையின் நீட்சியாகக் கொள்ளப்பட்டன. பார்வையில் பிறந்த சொல், கண்ணுக்கே தெரியாத அலைகளுக்குப் பெயராகி நிற்கிறது. பேயுரு என்ற பழைய பொருள் ஒருவகையில் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. தமிழகப் பாடநூல்களில் நிறமாலை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் திருசியம். இது வடமொழி வழி வந்தது, 'காணப்படுவது' என்று பொருள், லத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் நொடிக்கு 90 கோடி முறை அதிரும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நிறம் ஏது? நிறமாலையை ஏலம் விட்டார்கள் என்று எழுதினால் பூக்கடை நினைவுதான் வரும். அரசியல் செய்திக்கு வேறு சொல் தேவைப்பட்டது.

கற்றை பழைய சொல். சிவனின் சடையைக் கற்றைச் சடை என்று பாடுகிறது தேவாரம். கூந்தல் கற்றை, வைக்கோல் கற்றை என்று இன்றும் சொல்கிறோம். ஒரே திசையில் கிடக்கும் நீண்ட இழைகள் சேர்ந்தால் கற்றை. இங்கே இயற்பியல் ஆசிரியர் குறுக்கிடுவார்: ஒளிக்கற்றை என்றால் ஒரு திசையில் பாயும் ஒளிக் கதிர்களின் தொகுப்பு, அந்தக் கணக்கில் அலைக்கற்றை என்பது ஒரு திசையில் பாயும் அலைகளைத்தானே குறிக்க வேண்டும், அதிர்வெண்களின் வரிசையை எப்படிக் குறிக்கும்? அவர் சொல்வது சரி. ஆனாலும் சொல் வென்றுவிட்டது. பிரிக்கலாம், பங்கு போடலாம், விலை வைக்கலாம் என்ற எண்ணம் 'கற்றை'க்குள் ஏற்கெனவே இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அரசு அதை வைத்துச் செய்ததும் அதைத்தான்.

உண்மையில் அங்கே பொருள் என்று ஒன்றும் இல்லை. ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள் ஒரே அதிர்வெண்ணில் அலை பரப்பினால் ஒன்றையொன்று குலைக்கும். ஆகவே இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை இன்னார் மட்டும் என்று யாராவது வரம்பு கட்ட வேண்டும். முறை வைத்து வாய்க்கால் திறப்பது போன்ற ஏற்பாடு இது. வரம்பு கட்டும் உரிமை அரசிடம் இருக்கிறது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு ஒரு கிரிக்கெட் தொடரை யார் ஒளிபரப்புவது என்பதில் தொடங்கியது. நம் நாட்டில் பெரிய சட்டக் கேள்விகள் அப்படித்தான் கிளம்புகின்றன.

அதே ஆண்டு இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியபோது அலைக்கற்றைக்கென்று தனி விலை கிடையாது. உரிமம் வாங்கினால் அலைக்கற்றையும் கூடவே வந்தது. 1994ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கையின்கீழ் போட்டி போட்டு உரிமத் தொகை கேட்ட நிறுவனங்கள் கட்ட முடியாமல் தடுமாறின. 1999ஆம் ஆண்டுக் கொள்கை, நிலையான கட்டணத்தை எடுத்துவிட்டு வருவாயில் பங்கு என்று மாற்றியது. துறை மூச்சுவிட்டது அதன்பிறகுதான்.

தொல்லை தொடங்கியதும் உரிமத்துக்கும் அலைக்கற்றைக்கும் இருந்த இந்த ஒட்டுறவில்தான். 2008 ஜனவரியில் 'முதலில் வருபவருக்கு முன்னுரிமை' என்ற முறையில் 122 உரிமங்கள் வழங்க முடிவானது. நாடு முழுவதற்குமான உரிமத்துக்கு ரூ.1,658 கோடி, அது 2001இல் கிடைத்த விலை. ஒவ்வோர் உரிமத்தோடும் 4.4 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஒட்டி வந்தது. இதனால் ஏற்பட்டதாகத் தணிக்கையாளர் பல வழிகளில் கணக்கிட்ட உத்தேச இழப்புகளில் மிகப் பெரியதான ரூ.1.76 லட்சம் கோடிதான் மக்கள் மனத்தில் நின்றது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. 2012ஆம் ஆண்டுக் கொள்கை உரிமத்தையும் அலைக்கற்றையையும் பிரித்தது.

அதன்பின் ஏலமே தீர்வு என்றாயிற்று. 'கற்றை' நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். வைக்கோலை இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். நிலக்கரியைத் தோண்டாமல் விட்டால் பூமிக்குள் கிடக்கும். அலைக்கற்றை அப்படியல்ல. எவ்வளவு பயன்படுத்தினாலும் தீராது; பயன்படுத்தாத நாளோ திரும்பி வராது.

2016 அக்டோபர் ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை முதன்முறையாக விற்பனைக்கு வந்தது. இந்த அலைகள் நெடுந்தூரம் போகும், சுவரைத் துளைக்கும். குறைந்த கோபுரங்களில் கிராமப்புறத்தை எட்டலாம். நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸின் அடிப்படை விலை ரூ.11,485 கோடி என்று வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் ரூ.6,568 கோடிக்கு இறக்கினார்கள். அப்போதும் கேட்பாரில்லை. 2022இல் ரூ.3,927 கோடி ஆனபோதுதான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தப் பட்டை எந்தக் கைப்பேசி நிறுவனத்துக்கும் பயன்படவில்லை. ஏலத்தில் கருவூலத்துக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. இந்த இழப்புக்கு யாரும் உத்தேசக் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. மலிவாகக் கொடுத்ததால் வரும் நட்டம் ஊழலாகத் தெரிகிறது; விலையை ஏற்றி வைத்துச் சும்மா கிடக்க விட்டால் அது நட்டமாகவே தெரிவதில்லை.

விலையே இல்லாமல் திறந்துவிட்ட பட்டைகளும் உண்டு. வீட்டிலுள்ள வைஃபை பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. குறிப்பிட்ட திறனுக்குள் இருந்தால் அதற்கு உரிமம் வேண்டாம், ஏலமும் கிடையாது. இதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்னும் வரவில்லை. 'உரிமம் தேவைப்படாத அலைக்கற்றை' என்று நீட்டி எழுதுகிறோம். 'புறம்போக்கு அலை' என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் புரியும். வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் கை வரவில்லை.

எழுதுபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். அலைவரிசை வேறு, அலைக்கற்றை வேறு: தொலைக்காட்சியில் மாற்றுவது அலைவரிசை, நிறுவனங்கள் ஏலத்தில் எடுப்பது அலைக்கற்றை. வகுப்பறைக்கு நிறமாலையே இருக்கட்டும்.

'ஒதுக்கீடு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 2ஜிக்குப் பிறகு அது கறை படிந்த சொல். அலைக்கற்றை ஒதுக்கீடு என்றாலே முறைகேடு என்று காதில் விழும். 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம், மக்கள் சார்பில் அலைக்கற்றைக்கு உரிமையாளர் மத்திய அரசு என்கிறது. ஏலமே பொதுவிதி என்கிறது. கூடவே ஒரு பட்டியல் போட்டு, அதிலுள்ள சேவைகளுக்கு ஏலமில்லாமல் நிர்வாக முறையில் ஒதுக்கலாம் என்கிறது. செயற்கைக்கோள் சேவைகள் சிலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரே பட்டையைப் பல செயற்கைக்கோள் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள முடியும், எனவே தனியாருக்கென்று வெட்டி விற்க அங்கே ஒன்றுமில்லை என்பது ஒதுக்கீட்டை ஆதரிப்போரின் வாதம். ஏலம் எடுத்துப் பணம் கட்டிய தரைவழிக் கைப்பேசி நிறுவனங்கள் இதை ஏற்கவில்லை.