பழைய சிஎன்சி லேத்தின் தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயன்படுத்திய சிஎன்சி லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கப் போகும்போது முதலில் கண்ணில் படுவது புதுப் பெயின்ட். அடுத்தது, திரையில் தெரியும் ஓட்ட மணிக்கணக்கு. இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும். இயந்திரத்தை இயக்கும் கணினியான கன்ட்ரோலர்கள் பலவற்றில் மணிக்கணக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைத்துவிடலாம். இயந்திரம் எங்கே, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிய ஒரு டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி), ஓர் உருளைத் தண்டு, சில வரிப் புரோகிராம் ஆகியவை வேண்டும். அவசரப்படுத்தாத அரை நாளும் வேண்டும்.

சாதாரண சிஎன்சி லேத்துக்கு இரண்டு அச்சுகள். ஜாப்பை, அதாவது வெட்டப்படும் துண்டை, பிடித்துச் சுழற்றும் தண்டுதான் ஸ்பிண்டில்; அதன் நீளவாக்கில் டூல் (வெட்டும் கருவி) நகர்வது இசட். மையத்தை நோக்கியும் விலகியும் நகர்வது எக்ஸ். பல அச்சு லேத்தில் இவற்றோடு சி அச்சு சேர்கிறது. வெறுமனே சுழலும் ஸ்பிண்டிலை, குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தவும் மெல்லத் திருப்பவும் முடிகிறது. பல டூல்களைத் தாங்கித் திரும்பும் டர்ரெட்டில் மோட்டாரால் சுழலும் லைவ் டூல்கள் வந்துவிடுவதால் லேத்திலேயே மில்லிங்கும் துளையிடுதலும் நடக்கின்றன. ஒய் அச்சு இருந்தால் டூலை மையத்துக்கு மேலும் கீழும் நகர்த்தலாம். எதிரே இரண்டாவது ஸ்பிண்டில் இருந்தால், ஜாப்பை அது வாங்கிக்கொண்டு பின்பக்கத்தையும் முடித்துவிடும். வசதிகள் கூடக்கூடத் தேய்மானம் ஒளிந்துகொள்ளும் இடங்களும் கூடுகின்றன.

முதல் சந்தேகம் எப்போதும் பால் ஸ்க்ரூ மீதுதான். மோட்டாரின் சுழற்சியை நேர்க்கோட்டு நகர்வாக மாற்றும் திருகு அது. திருகுக்கும் நட்டுக்கும் இடையே உருளும் எஃகுக் குண்டுகள் புதிதில் இறுக்கமாக இருக்கும். தேயத்தேய இடைவெளி விழுகிறது. அதன் பிறகு திசை மாறும்போதெல்லாம் மோட்டார் கொஞ்சம் சுழல்கிறது, டூலோ நகர்வதில்லை. இதுவே பேக்லாஷ்.

அதை மறைக்கவும் வழி இருக்கிறது. கன்ட்ரோலரில் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பேக்லாஷ் ஈட்டு எண் உண்டு. திசை மாறும்போது அந்த அளவுக்குக் கூடுதலாகத் திருகு என்று அது மோட்டாருக்குச் சொல்லும். ஆனால் தேய்மானம் திருகு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. பெரும்பாலான வேலை, ஸ்பிண்டிலின் முனையில் ஜாப்பைத் தாடைகளால் பிடிக்கும் சக்குக்கு அருகிலேயே நடப்பதால் அந்தப் பகுதிதான் அதிகம் தேயும். அங்கே 30 மைக்ரான் (0.03 மில்லிமீட்டர்) இடைவெளி விழுந்து, ஈட்டு எண்ணையும் 30 என்றே வைத்திருந்தால் அந்த இடத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். 10 மைக்ரான் மட்டுமே தேய்ந்த மறுகோடியிலோ அதே ஈடு டூலை 20 மைக்ரான் தாண்டிப்போக வைக்கும்.

ஆகவே டயல் கேஜின் காந்த அடியை அசையாத பாகத்தில் ஒட்டி, முனையை டர்ரெட்டில் தொட வைக்கிறேன். கைச்சக்கரத்தை மிகச் சிறிய படியில் வைத்து, முள் நன்றாக நகரும் வரை ஒரு திசையில் சுழற்றுகிறேன். பிறகு ஒவ்வொரு படியாகத் திரும்புகிறேன். ஒரு படி: முள் அசையவில்லை. இரண்டாவது: அசையவில்லை. மூன்றாவதில் நகர்ந்தால், தொலைந்த தூரம் கையில் கிடைத்துவிட்டது. இதைச் சக்குக்கு அருகிலும், நடுவிலும், கோடியிலும் செய்ய வேண்டும். மூன்று இடங்களிலும் ஒரே அளவு என்றால் ஓர் எண்ணால் சரிசெய்யலாம். அளவுகள் மாறினால் திருகையே மாற்ற வேண்டிவரும்; அந்தச் செலவைப் பேரத்திலேயே பேசிவிடுவது நல்லது. எக்ஸ் அச்சில் ஒரு கவனம்: திரையில் வருவது பெரும்பாலும் விட்டக் கணக்கு. திரை 0.02 நகர்ந்தால் டூல் உண்மையில் நகர்வது 0.01 மில்லிமீட்டர்தான்.

அடுத்தது டர்ரெட். லேத்துகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். தவறான ஆஃப்செட்டோடு (டூல் முனை இருக்கும் இடத்தைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் அளவு) வேகமாக வந்து சக்கில் மோதிய டர்ரெட், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளுக்குள் இம்மி திரும்பியிருக்கும். ஒய் அச்சுள்ள லேத்தில் இதற்கு நான் நம்பும் சோதனை, ஜாப்பைத் திருப்பிப் பார்ப்பது. 30 மில்லிமீட்டர் தண்டைப் பிடித்து, ஒய் பூஜ்யத்தில் 8 மில்லிமீட்டர் எண்ட் மில்லால் (முனையிலும் பக்கத்திலும் வெட்டும் சுழல் டூல்) பக்கவாட்டிலிருந்து மையம் வரை துளையிடுகிறேன். டிரில் வழுக்கி விலகக்கூடும் என்பதால் எண்ட் மில். பிறகு சி அச்சை 180 பாகை திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து அதே துளை. டூல் மையத்திலிருந்து 0.05 விலகியிருந்தால் முதல் துளை ஒரு பக்கமும் இரண்டாவது மறுபக்கமும் தள்ளிப்போகும், நடுவே 0.1 படி விழும். துளை சரியாக 8 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் 7.95 அளவுள்ள நேரான பின் பாதி வழியில் நின்றுவிடும். சிறிய பிழையை இரண்டு மடங்காக்கிக் காட்டும் இந்த முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

டர்ரெட்டில் டூல்கள் பொருந்தும் எல்லா நிலையங்களிலும் ஒரே விலகல் வந்தால் பூஜ்யத்தை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஒன்றில் மட்டும் வந்தால் அந்த டூல் ஹோல்டரைப் பார்க்க வேண்டும். டூல் சாய்ந்திருந்தால் மட்டும் எந்த ஆஃப்செட்டும் உதவாது. டர்ரெட்டைத் தளர்த்தி மீண்டும் நேர்ப்படுத்த வேண்டும்.

ஸ்பிண்டிலில் சக்கின் தாடைகளை அளப்பதில் பயன் குறைவு, தாடைகள் தனியாகத் தேய்ந்திருக்கும். சக்கைக் கழற்றி, அது பொருந்தும் ஸ்பிண்டில் மூக்கே சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் அளப்பதும் முக்கியம், சூட்டில் அளவு மாறும். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியஸுக்கு, 11 முதல் 12 மைக்ரான் வரை நீள்கிறது. 300 மில்லிமீட்டர் நீளம் 5 பாகை சூடானாலே சுமார் 17 மைக்ரான் போய்விடும்.

இனி, இயந்திரத்தையும் புரோகிராமையும் சேர்த்தே சோதிக்கும் ஒரு ஜாப்: தண்டின் முனையில், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 40 மில்லிமீட்டர் உள்ள அறுகோணம். ஒய் அச்சு இல்லாமல், எக்ஸையும் சியையும் மட்டும் வைத்து இதை வெட்டலாம். தண்டு திரும்பிக்கொண்டே இருக்கும்போது தட்டையான பக்கம் எப்படிக் கிடைக்கிறது? மூலையில் மையத்திலிருந்து தூரம் 23.09, பக்கத்தின் நடுவில் 20. தண்டு 60 பாகை திரும்புவதற்குள் வெட்டும் விளிம்பு 23.09இலிருந்து 20க்கு உள்ளே வந்து மீண்டும் 23.09க்கு வெளியே போக வேண்டும். இந்தக் கணக்கைக் கன்ட்ரோலரே போட்டுக்கொள்கிறது. ஃபானுக் வகைக் கன்ட்ரோலர்களில் ஜி12.1 என்ற கட்டளையில் தொடங்கி ஜி13.1 என்று முடித்தால், இடையில் தாளில் வரைவதுபோல மூலைகளின் ஆயங்களைக் கொடுத்தால் போதும். ஒரு மூலை எக்ஸ்23.094 சி20. இங்கே எக்ஸ் விட்டக் கணக்கு, உண்மையான தூரம் அதில் பாதி. சி பாகை அல்ல, மையத்திலிருந்து மில்லிமீட்டர். பழகியவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வெட்டிய அறுகோணத்தை விளக்கருகே சாய்த்துப் பாருங்கள். சி அச்சு ஒரே திசையில்தான் திரும்பியது. எக்ஸ் மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் திசை மாற்றியது. எக்ஸ் அச்சில் பேக்லாஷ் மிச்சமிருந்தால் ஆறு பக்கங்களின் நடுவிலும் மெல்லிய கோடு ஓடும். நகத்தால் தடவினால் சில நேரம் தட்டுப்படும். டயல் கேஜ் வெறும் நகர்வில் காட்டியதை, வெட்டும் விசையின் கீழ் உலோகம் காட்டுகிறது.

கடைசல் வேலையிலும் மையம்தான் சிக்கலான இடம். ஜி96 என்ற கட்டளை கொடுத்தால் வெட்டு வேகம் மாறாமல் இருக்க ஸ்பிண்டில் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 1,270 சுற்று, 10இல் 6,370, 1இல் 63,700. மையத்தை நெருங்க இந்த எண்ணுக்கு எல்லையே இல்லை. சுழற்சி கூடக்கூட மையவிலக்கு விசை தாடைகளை வெளியே இழுத்து, பிடியைத் தளர்த்தும். அதனால் ஜி50 எஸ்2500 (2,500 சுற்றைத் தாண்டாதே) போன்ற உச்ச வரம்பு இல்லாத புரோகிராமை நான் ஓட்டவிடமாட்டேன். பழைய சக்கில் இது உயிர் தொடர்பான விஷயம்.

ஜி குறியீடுகள் ஓரளவு பொதுவானவை. துணை இயக்கங்களுக்கான எம் குறியீடுகளில் பல, இயந்திரத்தைக் கட்டியவர் தம் விருப்பப்படி வைத்தவை. சி அச்சைப் பூட்டுவது, இரண்டு ஸ்பிண்டில்களையும் ஒரே வேகத்தில் இணைப்பது, ஜாப்பைக் கைமாற்றுவது எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. கையேடு இல்லாத பல அச்சு லேத்தின் விலை எனக்குப் பாதிதான்.

பேரம் முடிந்து, இயந்திரத்தை இடம் மாற்ற மின் இணைப்பைத் துண்டிக்கும் முன் அளவுருக்கள் (இயந்திரத்தின் அமைப்பு எண்கள்), ஆப்ஷன் அளவுருக்கள் (கூடுதல் வசதிகளுக்கானவை), லேடர் (இயந்திரத்தின் துணை இயக்கங்களைக் கட்டுப்படுத்தும் உள் புரோகிராம்), ஆஃப்செட்டுகள், புரோகிராம்கள் அனைத்தையும் நகலெடுத்துவிடுங்கள். பல பழைய கன்ட்ரோலர்களில் இவை பேட்டரியின் தயவில் நிற்கின்றன. பேட்டரியை மாற்றுவதாக இருந்தால் இயந்திரம் மின்சாரத்தில் இருக்கும்போதே மாற்ற வேண்டும்.