வாக்ஸ் வேறு, பாலிஷ் வேறு

"வாக்ஸ் பாலிஷ் போட எவ்வளவு ஆகும்?" என்று இரண்டையும் ஒரே சொல்லாக்கிக் கேட்டபடிதான் எங்கள் கார் பட்டறைக்குப் பலரும் வருகிறார்கள். உண்மையில் இவை எதிரெதிரான வேலைகள். பாலிஷ் என்பது தேய்ப்புத் துகள் கலந்த பசையால் பெயின்ட்டின் மேற்பரப்பைச் சிறிது உரசி எடுப்பது. வாக்ஸ் என்பது, பிரேசில் நாட்டுக் கார்னூபா பனையோலையில் கிடைக்கும் மெழுகையோ செயற்கை மெழுகையோ அதன்மேல் மெல்லிதாகப் படியவைப்பது.

காரின் நிறத்துக்கு மேல் பூசப்படும் நிறமற்ற கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன்கூட இராது. ஒவ்வொரு பாலிஷும் இதில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும், போனது திரும்பாது. ஆகவே தீபாவளிக்குத் தீபாவளி பாலிஷ் போடும் வழக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தொழில் பழகிய நாளில், வெள்ளைக் கார் ஒன்றின் கதவு விளிம்பில், சுழன்று பாலிஷ் போடும் ரோட்டரி மெஷினைச் சில நொடிகள் கூடுதலாக நிறுத்திவிட்டேன். விளிம்புகளில் பெயின்ட் மெலிந்திருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. சூடேறிய ஃபோம் பேடை எடுத்துப் பார்த்தபோது, விரலகலத்துக்கு, பெயின்ட்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்த செலவு என் சம்பளத்தில்தான் கழிந்தது. இன்றுவரை விளிம்புகளிலும், தகடு மடியும் பாடி லைன்களிலும் டேப் ஒட்டாமல் நான் மெஷினைத் தொடுவதில்லை.

கிரானைட் குவாரிப் பக்கமிருந்து வரும் கார்களின் மேல் கிரானைட் தூள் படிந்திருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ், பெயின்ட்டைவிடப் பல மடங்கு கடினமானது. அதைக் காலையில் பழைய துண்டால் வறட்டுத் துடைப்பாகத் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். கருப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்டம் வட்டமாகத் தெரியும் கீறல்களில் பெரும்பங்கு இப்படி வந்தவையே. ஆயுதபூஜைக்கு மறுநாள் பானெட்டில் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதும் இதே கதைதான். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டுவைத்தால் அது தானாக ஊறி வந்துவிடும்.

ஆகவே முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டுத் தூசியை இறக்கி, கார் ஷாம்பூவால் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இருக்கிற வாக்ஸையும் எடுத்துவிடும். போர் தண்ணீரானால் காயவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையேல் உப்பு வெள்ளை வட்டங்களாகப் படியும்.

வாக்ஸ் பூசுவது நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போதுதான். சித்திரை வெயிலில் நின்ற பானெட்டில் பூசினால் பரவுவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் காத்திருங்கள். கொஞ்சமாக எடுத்துப் பூசி, லேசாக மங்கியதும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். துணி தரையில் விழுந்தால் துவைக்காமல் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வண்டிக்கு வாக்ஸ், பாலிஷ் இரண்டுமே ஆகாது.

சில மாதம் கழித்துக் கழுவிய பானெட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டு நின்றால் வாக்ஸ் இன்னும் இருக்கிறது. தட்டையாகப் பரவினால் மறுபடி வாக்ஸ் மட்டும் கேளுங்கள்.